கடைமடை மனைகள்

அமெரிக்காவில் ஐந்து ஏக்கர் நிலத்தை ஒரு பழைய காரின் விலைக்கு இன்றும் வாங்கலாம். கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் கொஸ்டியா கவுன்டியில் அப்படிப்பட்ட மனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விற்பனை விளம்பரங்களில் பின்னால் பனி படிந்த மலைத்தொடர், முன்னால் கண்ணுக்கெட்டியவரை சமவெளி, மேலே மேகமில்லாத வானம். பெருநகரத்தில் வாடகை கொடுத்தே ஓய்ந்துபோனவர், விவாகரத்துக்குப் பின் கையில் மிஞ்சிய சொற்பத் தொகையோடு நிற்பவர், ஓய்வூதியத்தை வைத்து எங்கே காலம் தள்ளலாம் என்று கணக்குப் போடுபவர் எல்லோருக்கும் அந்தப் படம் சொல்வது ஒன்றுதான்: சொந்த நிலம், கடன் கிடையாது, தலையிட ஆளும் கிடையாது.

படத்தில் பொய் இல்லை. மலையும் வானமும் அங்கே அப்படியேதான் இருக்கின்றன. மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், தார்ச்சாலை, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு ஆகியவைதான் இல்லை. சுமார் 3,180 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 3,500 பேர் வசித்தார்கள். கொலராடோவின் மிக ஏழ்மையான கவுன்டிகளின் வரிசையில் இதன் பெயர் தவறாமல் வரும்.

இந்த ஐந்து ஏக்கர் மனைகள் தானாக முளைத்தவை அல்ல. பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் 1969-ல் இங்கே டிரின்செரா என்ற மாபெரும் பண்ணையை வாங்கினார். வேட்டை விலங்குகளை வேலி போட்டு வளர்க்கும் காப்பகமாக அதை மாற்றுவது அவருடைய எண்ணம். காட்டு விலங்குகள் அரசின் சொத்து என்று மாநிலம் குறுக்கே நின்றது. உடனே ஒரு பகுதியைத் துண்டு போட்டு, 'சாங்ரே டி கிறிஸ்டோ ராஞ்சஸ்' என்று பெயர் வைத்துத் தவணையில் விற்கத் தொடங்கினார். விளம்பரம் செய்யச் சொந்தப் பத்திரிகையே கையில் இருந்தது. அதே காலத்தில் வேறு நிறுவனங்கள் மலையடிவாரத்தை விட்டுவிட்டு, மரமே இல்லாத சமவெளியில் புல்டோசரை ஓட்டி, சதுரம் சதுரமாக மண்சாலை கீறி, பிளாட் போட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பலர் சில ஆண்டுகளில் தவணையை நிறுத்தினார்கள், வரி கட்டுவதை மறந்தார்கள், இறந்தும் போனார்கள். மனைகள் வரிபாக்கி ஏலத்துக்கு வந்து, மீண்டும் விற்பனைக்குப் போயின. அரை நூற்றாண்டாக ஒரே நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதில் வீடு மட்டும் எழும்பவில்லை.

பாலைவனத்தைத் தொலைவிலிருந்து விற்பது அமெரிக்க மேற்கின் பழைய தொழில். ஓரிகான் மாநிலத்தின் கிறிஸ்துமஸ் பள்ளத்தாக்கில் 1961-ல் எம். பென் ஃபிலிப்ஸ் என்ற நில வியாபாரி ஒரு நகரத்தை வரைந்தார். கலிஃபோர்னியாவில் ஹெஸ்பீரியா, சால்டன் சிட்டி ஆகிய ஊர்களை மனைகளாகப் போட்டவரும் இவரே. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், சேஜ் புதர்களுக்கு நடுவே, ஒரு விமான ஓடுதளம், கோல்ஃப் மைதானம், செயற்கை ஏரி, தங்கும் விடுதி எல்லாம் முளைத்தன. பசுமையான பண்ணை வாழ்க்கை என்ற வாக்குறுதியை நம்பி கலிஃபோர்னியாக்காரர்கள் வாங்கினார்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் உறைபனி விழக்கூடிய ஊர் அது என்பதை அவர்கள் பின்னால்தான் தெரிந்துகொண்டார்கள். இன்று அங்கே சுமார் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆழ்கிணற்றுத் தண்ணீரை வட்டமாகச் சுழன்று தெளிக்கும் இயந்திரங்களின் கீழ் அல்ஃபால்ஃபா என்ற கால்நடைத் தீவனம் விளைகிறது. ஆக, ஃபிலிப்ஸ் போட்ட ஊர் அடியோடு அழிந்துவிடவில்லை. வரைபடத்தில் இருந்த நகரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முன்பே அந்தப் பகுதி ஒருமுறை ஏமாந்திருந்தது. 1909-ல் வந்த விரிவாக்கப்பட்ட குடியேற்ற நிலச் சட்டம், உழுது குடியிருந்தால் 320 ஏக்கர் இலவசம் என்றது. குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஃபோர்ட் ராக் பள்ளத்தாக்குக்கு வந்து, பள்ளிக்கூடமும் அஞ்சலகமும் தொடங்கின. 1920 வாக்கில் ஏறக்குறைய எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் 1938-ல் லூதர் கிரெஸ்மன் என்ற மானுடவியலாளர் சேஜ் பட்டையில் முடைந்த செருப்புகளைத் தோண்டி எடுத்தார். அவற்றின் வயது ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மனிதர் வாழ முடியாத இடம் என்று அதைச் சொல்லவே முடியாது. ஆனால் அந்தச் செருப்பை அணிந்தவர்களுக்கு அருகில் ஏரியும் சதுப்பும் இருந்தன.

மேட்டுப்பாலை என்றதும் மணலும் வெயிலும்தான் மனதில் வரும். அமெரிக்க மேற்கில் நிலைமை வேறு. கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தை மலைத்தொடர்கள் தங்கள் மேற்குச் சரிவிலேயே கறந்துவிடுகின்றன. மறுபுறம் உயர்ந்த, வறண்ட, குளிர்ந்த சமவெளி மிஞ்சுகிறது. கொஸ்டியா கவுன்டி அடங்கியுள்ள சான் லூயிஸ் பள்ளத்தாக்கு சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. மேற்கே சான் வான் மலைகள், கிழக்கே சாங்ரே டி கிறிஸ்டோ மலைகள். நடுவில் உள்ள அலமோசா நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 180 மில்லிமீட்டர். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதுண்டு. காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. பள்ளத்தாக்கின் வடகிழக்கு மூலையில் அது குவித்து வைத்திருக்கும் மணல்மேடுகள்தான் வட அமெரிக்காவில் மிக உயரமானவை, 220 மீட்டருக்கும் மேல். பழைய டிரெய்லர் ஒன்றை இழுத்து வந்து சமவெளியில் நிறுத்துபவர், அந்த மேடுகளைக் கட்டிய காற்றின் நடுவில்தான் நிறுத்துகிறார்.

குளிருக்கு விறகு இருக்கிறது, காற்றுக்கு இழுத்துக் கட்டக் கம்பி இருக்கிறது. தண்ணீருக்குச் சட்டம் இருக்கிறது. மனை விளம்பரம் எதிலும் விளங்கச் சொல்லப்படாத விஷயம் அதுதான்.

கொலராடோவில் நிலத்தை வாங்கினால் அதன் மேல் ஓடும் தண்ணீரோ கீழே ஊறும் தண்ணீரோ தானாகச் சொந்தமாகிவிடாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கு முதல் உரிமை. அடுத்து வந்தவருக்கு அடுத்தது. ஒவ்வோர் உரிமைக்கும் ஒரு தேதி உண்டு. வறண்ட ஆண்டில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்லை. பழைய தேதிக்காரர் தம் பங்கை முழுதாக எடுத்த பிறகுதான் புதிய தேதிக்காரருக்கு. வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவரைக் கடைமடைக்காரர் என்போம். இங்கே கடைமடை தூரத்தால் அமைவதில்லை, தேதியால் அமைகிறது. வாய்க்கால் தலைப்பிலேயே நிலம் இருந்தாலும், நேற்று வந்தவர் கடைமடைதான்.

இந்த வரிசையின் முதல் இடமும் அதே கவுன்டியில்தான் இருக்கிறது. 1851-ல் நியூ மெக்சிகோவிலிருந்து வந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் சான் லூயிஸ் ஊரை அமைத்தன. கொலராடோவில் இடைவிடாமல் மக்கள் வாழ்ந்துவரும் மிகப் பழைய ஊர் அது. மறு ஆண்டு, 1852-ல், அவர்கள் வெட்டிய வாய்க்காலின் பெயர் 'சான் லூயிஸ் மக்கள் வாய்க்கால்'. மாநிலத்தில் தொடர்ந்து நடப்பில் உள்ள நீர் உரிமைகளில் அதுவே மூத்தது. அந்த வாய்க்காலில் பாத்தியதை உள்ள வயலுக்கும், சில மைல் தள்ளி இணையத்தில் விலைபோகும் ஐந்து ஏக்கருக்கும் இடையே மண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. வரிசையில் மட்டும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வித்தியாசம்.

அதற்கு மேல் மாநிலங்களுக்கு இடையேயான கணக்கு வேறு. ரியோ கிராண்டே ஆறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் தெற்கே போகிறது. கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சஸ் மூன்றும் 1938-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி எவ்வளவு தண்ணீர் எல்லை தாண்ட வேண்டும் என்பது நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 1906 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கும் ஒரு பங்கு உண்டு. பங்கு போட மிச்சம் ஏதும் இல்லாத ஆற்றின் கரையில்தான் புதியவர் மனை வாங்குகிறார்.

கிணறு தோண்டலாமே என்று தோன்றும். தோண்டலாம். 35 ஏக்கருக்குக் குறைவான பழைய மனைகளுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அனுமதி, வீட்டுக்குள் பயன்படுத்தும் தண்ணீருக்கு மட்டுமே. சமைக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்கலாம். வாசலில் தக்காளிச் செடிக்கு ஊற்றினால் அனுமதியை மீறியதாகும். இந்த அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணறு போட ஆகும் செலவு பல வேளைகளில் மனையின் விலையைப் போலப் பல மடங்கு. கூரையில் விழும் மழையையாவது பிடிக்கலாமா என்றால், 2016 வரை கொலராடோவின் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவும் தடைதான். அந்த மழையும் கீழே இருக்கும் மூத்த உரிமைக்காரருடையது என்பது வாதம். 2016-ல் சட்டத்தைத் தளர்த்தியபோது கிடைத்த அளவு, வீட்டுக்கு இரண்டு பீப்பாய்; மொத்தம் 110 காலன், ஏறத்தாழ 416 லிட்டர். மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிய ஊர்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். முதல் உரிமைத் தத்துவத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் வந்து நிற்கும் இடம் அதுதான்.

எனவே சமவெளிவாசிகளில் பலர் தண்ணீரை வண்டியில் கொண்டுவருகிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படுவது 275 காலன் பிளாஸ்டிக் தொட்டி. நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல் எடை. சாதாரண பிக்கப் வண்டிக்கு அது தாங்காத சுமை. மண்சாலையில் டயரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். வண்டி பழுதாகி நின்றால் தண்ணீர் நின்றது. அலமோசாவுக்குப் போக முடியாது, சம்பாதிக்க முடியாது, பழுது பார்க்கப் பணம் வராது. மலிவு நிலத்தில் வாழ்பவருக்கு நிலத்தை விடப் பெரிய சொத்து ஓடுகிற நிலையில் உள்ள வண்டி. மனை விலையோடு ஒரு நல்ல வண்டியின் விலையையும் முதல் நாளே கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்த வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் டெட் கொனோவர். சிறைக் காவலராக வேலை பார்த்தும், சரக்கு ரயில்களில் நாடோடிகளோடு பயணம் செய்தும் நூல்கள் எழுதியவர். 2017-ல் அவர் சான் லூயிஸ் பள்ளத்தாக்குக்கு வந்து, அலமோசாவில் வீடற்றோருக்கான காப்பகம் நடத்தும் லா புவென்டே அமைப்பின் தன்னார்வலராகச் சமவெளி வீடுகளுக்கு விறகு கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு தாமும் ஐந்து ஏக்கர் வாங்கிப் பகுதி நேரமாக அங்கே தங்கினார். அவருடைய 'சீப் லேண்ட் கொலராடோ' நூல் 2022-ல் வெளிவந்தது. விறகை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுவது என்ற யோசனை பிரமாதமானது. யாரையும் பார்க்க விரும்பாமல் அங்கே போனவர்கள்கூட ஜனவரியில் விறகை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

வருகிறவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. 2014-ல் கொலராடோவில் கஞ்சா விற்பனை சட்டபூர்வமானதும் பயிரிட்டுப் பார்க்க வந்தவர்கள் இருக்கிறார்கள். போதையிலிருந்தோ, பழைய வழக்கிலிருந்தோ, ஒரு மனிதரிடமிருந்தோ விலகி நிற்க வந்தவர்களும் உண்டு. தாக்குப்பிடிப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு பொது அம்சம் தெரிகிறது: அவர்களுடைய வருமானம் அந்த ஊரிலிருந்து வருவதில்லை. ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவித்தொகை, படைவீரர் தொகை, இப்போது தொலைவேலைச் சம்பளம் என்று ஏதோ ஒன்று மாதாமாதம் வெளியிலிருந்து வருகிறது. அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று நினைத்து வந்தவரைத்தான் முதல் குளிர்காலம் திருப்பி அனுப்புகிறது. இடம்பெயர்வு பற்றிய கையேடுகள் வீட்டு விலையை முதல் பக்கத்தில் போடுகின்றன. வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் அங்கே இருக்க வேண்டியது.

தலையிட யாருமில்லை என்ற நம்பிக்கையும் முழுக்க உண்மையல்ல. கவுன்டிக்கு விதிகள் உண்டு. தற்காலிகமாகக் கூடாரமோ டிரெய்லரோ போட்டுத் தங்க அனுமதி வாங்க வேண்டும், செப்டிக் டேங்க் போட வேண்டும். பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத இந்த விதிகளை 2015 வாக்கில் நிர்வாகம் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியதும் கூட்டங்களில் கூச்சல், வாக்குவாதம், வழக்கு என்று போனது. நிலத்தைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கியவரிடம், அதைவிட அதிகச் செலவில் கழிவுத் தொட்டி கட்டு என்றால் அவருக்கு அது வெளியேற்ற உத்தரவாகத்தான் கேட்கும். அதே வேளையில், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் பள்ளத்தாக்கில் கழிவைத் திறந்த மண்ணில் விட அனுமதிக்கும்படி நிர்வாகத்திடம் கேட்கவும் முடியாது. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கவுன்டி கையில்தான் பணம் இல்லை.

கொஸ்டியாவின் பழைய குடிகள் இந்தக் காட்சியை வேறொரு கண்ணால் பார்த்திருப்பார்கள். 1840-களில் மெக்சிகோ அரசு வழங்கிய நிலக்கொடையின் வழியில் குடியேறிய அவர்களுடைய முன்னோருக்கு, வாய்க்காலோரம் நீண்ட குறுகிய வயல்களும், கூடவே மலையில் விறகு வெட்டவும் மரம் எடுக்கவும் மாடு மேய்க்கவும் உரிமையும் தரப்பட்டன. 1960-ல் ஜாக் டெய்லர் என்ற வட கரோலினா மர வியாபாரி அந்த மலையில் சுமார் 77,000 ஏக்கரை வாங்கி வேலி போட்டார். தலைமுறைகளாக ஏறிய மலைக்குள் கால் வைத்தால் அத்துமீறல் ஆனது. வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. 2002-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் விறகு, மரம், மேய்ச்சல் மூன்றுக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை பழைய குடியேற்ற நிலங்களோடு ஒட்டியது. சமவெளியில் புதிதாக மனை வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. ஒரே குளிரில், ஒரே கவுன்டியில், ஒருவர் நீதிமன்றம் மீட்டுத் தந்த மலையிலிருந்து விறகு கொண்டுவருகிறார். இன்னொருவர் தொண்டு நிறுவன வண்டியை எதிர்பார்க்கிறார். ஒருவருடைய உரிமைக்கு 1850-களின் தேதி, மற்றவர் கையில் போன மாதத்துப் பத்திரம்.

தண்ணீருக்கு அடுத்தபடி மேட்டுப்பாலை வசூலிப்பது தூரத்தை. கொஸ்டியா இந்த வகையில் பாக்கியசாலி. அலமோசாவில் மருத்துவமனை இருக்கிறது, 1921-ல் தொடங்கிய ஆடம்ஸ் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது, பெரிய கடைகள் இருக்கின்றன. சான் லூயிஸிலிருந்து அது சுமார் 68 கிலோமீட்டர். நெவாடா மாநிலத்தின் டோனோபா வேறு கதை. 1900-ல் ஜிம் பட்லர் வெள்ளித் தாதைக் கண்டெடுத்ததால் பிறந்த சுரங்க ஊர் அது. 1,800 மீட்டருக்கு மேல் உயரம். லாஸ் வேகஸுக்கும் ரீனோவுக்கும் ஏறக்குறைய நடுவழி, இரண்டும் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்த ஒரே மருத்துவமனை 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதன் பிறகு அடுத்த மருத்துவமனைக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு அந்தத் தூரம் மணிக்கணக்காக மாறுகிறது. வீடு மலிவு என்று ஓய்வு பெற்றவர்கள் தேடிப் போகும் ஊரில், ஓய்வு பெற்றவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் ஒன்று இல்லை. இளைஞர்களுக்கும் சிக்கல் உண்டு. மேற்கு டெக்சஸின் ஆல்பைன் ஊரில் உள்ள 25 படுக்கை மருத்துவமனைதான் ஒரு பரந்த வட்டாரம் முழுவதற்கும் பிரசவம் பார்க்கும் இடம். 2021-ல் செவிலியர் பற்றாக்குறையால் அந்தப் பிரிவு சில நாட்கள் திறந்தும் சில நாட்கள் மூடியும் கிடந்தபோது, வலி எடுத்த பெண்கள் ஒரு மணி நேரத்துக்கு அப்பால் உள்ள அடுத்த மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தது.

ஊர் சிறிது என்றால் ஊரின் குழாயும் சிறிதே என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2008-ல் அலமோசா நகரத்தின் குடிநீரில் சால்மோனெல்லா கலந்து, பதிவானவர்கள் மட்டுமே 400 பேருக்கு மேல் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். ஆழ்கிணற்று நீர் சுத்தமானது என்ற நம்பிக்கையில் அதுவரை குளோரின் கலக்காமலே விநியோகித்து வந்தார்கள். பழுதடைந்த ஒரு நீர்த்தொட்டியே நோய்க்கு வாசலாக இருந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவுக்கு வந்தது.

எல்லா மேட்டுப்பாலை ஊர்களும் இப்படிக் கஷ்டத்திலேயே உழல்வதில்லை என்று சொல்பவர்கள் மார்ஃபாவைக் காட்டுவார்கள். ஆல்பைனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில், 1883-ல் ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பப் பிறந்த நிறுத்தம் அது. 1950-களின் கொடும் வறட்சி மாட்டுப் பண்ணைகளை முடக்கியது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போருக்குப் பின், ராணுவ முகாமும் மூடப்பட்டிருந்தது. நியூயார்க் கலைச் சந்தையின் சத்தம் தாங்காமல் இடம் தேடிக்கொண்டிருந்த சிற்பி டொனால்ட் ஜட் 1970-களின் தொடக்கத்தில் அங்கே வந்தார். காலியாகக் கிடந்த கிடங்குகள், வங்கிக் கட்டடம், பழைய முகாம் என ஒவ்வொன்றாகக் கலைக்கூடமாயின. 1986-ல் சினாட்டி அறக்கட்டளை திறக்கப்பட்டது. ஜட்டின் நூறு அலுமினியப் பெட்டிகள் இரண்டு பீரங்கிக் கொட்டகைகளில் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் எல் பாசோ வரை பறந்து, மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள். ஜட் 1994-ல் இறந்த பிறகு ஊரின் புகழ் இன்னும் வளர்ந்தது.

வீட்டு விலையும் வளர்ந்தது. மார்ஃபாவின் பழைய மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் பச்சை மண்கல்லால் கட்டிய அடோபி வீடுகளில் வாழ்ந்தன. ஏழைகளின் கட்டடப் பொருளாக இருந்த அது, வெளியூர்ப் பணக்காரர்களின் ரசனைக்கு உகந்ததானது. 2017 வாக்கில் வரி மதிப்பீட்டாளர்கள் அடோபியைத் தனி வகையாகப் பிரித்து அதிக மதிப்புப் போட்டதும், தாத்தா குழைத்து அடுக்கிய சுவருக்காகப் பேரன் கூடுதல் வரி கட்ட வேண்டிய நிலை வந்தது. ஊரின் மக்கள்தொகை 2000-ல் 2,121; 2010-ல் 1,981; 2020-ல் 1,788. விலை ஏற ஏற ஆட்கள் குறைந்தார்கள். வாங்கியவர்களில் பலருக்கு அது இரண்டாவது வீடு. மீதி வீடுகளில் பல, விருந்தினருக்கு இரவு வாடகைக்கு விடப்படுபவை. பள்ளியில் பாடம் நடத்த வருபவர் தங்க இடம் கிடைக்காமல் தவிக்கும் ஊரை வெற்றிக் கதை என்று சொல்வதானால், யாருடைய வெற்றி என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலிவைத் தேடி வந்தவர்களே மலிவைத் தீர்த்துவிட்டார்கள்.

சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் வடகோடியில் உள்ள கிரெஸ்டோன், இந்த இரண்டு வகையிலும் சேராத ஒரு விநோதம். பாகா கிராண்டே என்ற பெயரில் 1970-களில் போடப்பட்ட மனைத் திட்டம் அங்கேயும் தள்ளாடியது. கனடாவின் தொழிலதிபர் மாரிஸ் ஸ்ட்ராங்கும் அவர் மனைவி ஹன்னாவும் அதன் பொறுப்புக்கு வந்து, வெவ்வேறு சமயத்தாருக்கு நிலத்தைக் கொடையாக அளித்தார்கள். திபெத்திய ஸ்தூபி, கார்மலைட் மடம், ஹைடாகண்டி பாபாஜி வழிவந்த ஆசிரமம், புதுச்சேரியின் ஸ்ரீ அரவிந்தர் பெயரில் ஒரு கற்றல் மையம் என்று ஒரே மலையடிவாரத்தில் கூடிவிட்டன. மனை வியாபாரி விற்கத் தவறிய தனிமையைத் துறவிகள் வாங்கிக்கொண்டார்கள் எனலாம். அவர்களும் கூட்டமாகத்தான் வந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் கிரெஸ்டோனின் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அதே மாரிஸ் ஸ்ட்ராங் பங்கேற்ற ஒரு நிறுவனம் 1986-ல் பாகா பண்ணையின் அடியில் உள்ள நிலத்தடி நீரை எடுத்துத் தொலைதூர நகரங்களுக்கு விற்கத் திட்டம் போட்டது. பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் மேல் தாங்களே கூடுதல் வரி போட்டுக்கொண்டு வழக்கு நடத்தி வென்றார்கள். அந்தப் பண்ணை பின்னர் பொதுநிலமாக வாங்கப்பட்டது. மணல்மேடுகள் 2004-ல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டதற்குத் தண்ணீரைக் காப்பதும் ஒரு காரணம். ஆனாலும் ஆசை ஓயவில்லை. டென்வரின் தெற்குப் புறநகரான டக்ளஸ் கவுன்டியிடம் இன்னொரு நிறுவனம் இதே போன்ற குழாய்த் திட்டத்தைக் கொண்டுபோனது. 2022-ல் அந்தக் கவுன்டி, கொரோனா நிவாரணப் பணத்தை அதில் போட மறுத்தது. மேலே இருக்கும் நிலத்தைக் கேட்பாரில்லை, கீழே இருக்கும் நீருக்குப் பெருநகரங்கள் போட்டி போடுகின்றன. சந்தையின் கணக்கு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

2020-க்குப் பிறகு தொலைவேலை பரவியதும், அதே ஆண்டின் இறுதியில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் சோதனைக்கு வந்ததும் இந்த ஊர்களின் தனிமையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டன. சோலார் தகடும் மின்கலனும் விலை இறங்கியதால் மின்கம்பி இல்லாத குறையும் முன்போல் பெரிதல்ல. வருடத்தில் பெரும்பகுதி வெயில் காயும் ஊர் அது. சமவெளியில் டிரெய்லரில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் அலுவலகத்தின் கூட்டத்தில் கலந்துகொள்ள இன்று தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. கூட்டம் முடிந்ததும் தண்ணீர் கொண்டுவர வண்டியை எடுக்க வேண்டும், அலமோசாவுக்குப் போக வேண்டும்.

அங்கேதான் புதியவர்களின் கணக்கும் பழைய விவசாயிகளின் கணக்கும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அலமோசா நிற்பது உருளைக்கிழங்கின் மேல். அமெரிக்காவில் நேரடியாகச் சமையலுக்குப் போகும் உருளைக்கிழங்கு விளைச்சலில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு இரண்டாம் இடத்தில் இருக்கிறது; பீர் தயாரிக்கும் பார்லியும் அல்ஃபால்ஃபாவும் அதற்கு அடுத்தவை. இவை எல்லாம் குடிப்பது மேல்மட்ட நிலத்தடி நீரை. 1976 முதல் கணக்குப் பார்த்தால் அந்த நீர்த்தேக்கத்திலிருந்து பத்து லட்சம் ஏக்கர்-அடிக்கும் (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) மேல் தண்ணீர் குறைந்திருக்கிறது; 2002-ன் வறட்சி அதில் கணிசமான பங்கை விழுங்கியது. அரசு வந்து கிணறுகளை மூடுவதற்கு முன் தாங்களே சரிசெய்துகொள்கிறோம் என்று விவசாயிகள் நீர் வாரியத்தின் கீழ் ஒரு துணை மாவட்டம் அமைத்து, 2012 முதல் தாங்கள் இறைக்கும் தண்ணீருக்குத் தாங்களே கட்டணம் செலுத்துகிறார்கள். கட்டணம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, வயல்கள் தரிசாக விடப்படுகின்றன, ஆனாலும் நீர்மட்டம் வேண்டிய அளவு உயரவில்லை. நீர்த்தேக்கத்தை மீட்க அவர்களுக்குத் தரப்பட்ட கெடு 2031. அதற்குள் முடியாவிட்டால் மாநிலப் பொறியாளர் கிணறுகளை மூட உத்தரவிடலாம்.

வீட்டுக்குள் மட்டும் பயன்படும் சிறு கிணறுகளுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. சமவெளியில் ஐந்து ஏக்கரோடு இருப்பவரின் குழாயை யாரும் பூட்டப்போவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் உருளைக்கிழங்கு நின்றுபோனால் பதப்படுத்தும் கூடங்களில் வேலை குறையும், டிராக்டர் உதிரிபாகக் கடை மூடும், பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள், மருத்துவமனைக்கு வரும் காப்பீட்டு நோயாளிகளும் குறைவார்கள். மளிகை, மருந்து, மெக்கானிக், தண்ணீர் நிரப்பும் இடம் எல்லாவற்றுக்கும் சமவெளிக்காரர் நம்பியிருப்பது அந்த ஊரைத்தான். 2031-க்குள் எத்தனை வயல்கள் மிஞ்சும் என்று பள்ளத்தாக்கின் கூட்டங்களில் விவசாயிகளும் நீர் வாரியத்தாரும் இப்போது தகராறு செய்துகொண்டிருக்கிறார்கள். ஐந்து ஏக்கர் விளம்பரங்கள் இணையத்தில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மலையும் வானமும் பார்க்க அழகாகவே இருக்கின்றன.